கொக்குப் பார்த்த லீவு

என் அன்பு மகளுக்கு,

அடுத்த அறையில் இருக்கிற மகளுக்குக் கடிதம் எழுதுகிற தகப்பன் இந்த டீட்டிகோன் நகரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என்ன செய்வது? நீ கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வேலை செய்கிறாய். தட்டினால் "ஒரு நிமிசம் அப்பா" என்கிறாய். உன்னுடைய ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உன் அம்மா குசினியில் பலகாரத்துக்கு மா வறுத்துக்கொண்டு, கல்யாணப் பெண் யார் என்று சந்தேகமாக இருக்கிறது, நான்தான் ஓடித்திரிகிறேன் என்று சுவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஒரு வேலையும் தரவில்லை. தந்தால் கெடுத்துவிடுவேனாம். ஆகவே நான் இந்த மேசையில் இருந்து, நேற்றுச் சாப்பிடும்போது உனக்குச் சொல்லியிருக்க வேண்டியதை எழுதுகிறேன்.

நேற்று அம்மா உன்னிடம் கேட்டது நியாயமான கேள்வி. கல்யாணம் முடிந்து நீங்கள் இருவரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, ஓரிடமும் இல்லை, சனிக்கிழமை கல்யாணம், திங்கட்கிழமை வேலை என்று சொன்னாய். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கரண்டியைக் கீழே வைத்தால் என்ன வரும் என்று உனக்குத் தெரியும், அதனால் இரண்டு வார லீவு எடுக்காததற்கு அவசரமாக ஒரு காரணமும் சொன்னாய். "நான் ரெண்டு கிழமை நிக்காட்டி என்ரை இடத்திலை வேறை ஆளைப் போட்டிடுவினம் அம்மா." அம்மா உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவ எழும்பிவிட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபம் இல்லை, பிள்ளை. அந்த வசனத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். சொன்னவன் நான்தான். உனக்கு அப்போது பல் முளைக்கவில்லை.

இதை நீ விளங்கிக்கொள்வதற்கு, நான் யாழ்ப்பாணத்தில் புடவைக்கடையில் வேலை செய்த காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்படாதே, ஊர்ப் பெருமை பேச வரவில்லை. எங்கள் கடையின் பின்பக்கச் சுவரில் வரிசையாக ஆணிகள் இருந்தன. வேலைக்கு வந்ததும் அவரவர் போட்டுவந்த சட்டையை அவரவர் ஆணியில் கொழுவிவிட்டுக் கடைச் சட்டையைப் போட்டுக்கொள்வோம். முதலாளி நல்ல மனிதர். ஒருவரையும் வேலையை விட்டு நிற்பாட்டியதாக அவர் வாயால் சொன்னதே இல்லை. ஆளைக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, "கொஞ்ச நாள் வீட்டிலை நிண்டு ஆறுதலா வாரும் தம்பி" என்பார். அவ்வளவுதான். அந்தத் தம்பிக்கும் விளங்கும், எங்களுக்கும் விளங்கும். மறுநாள் அந்த ஆணியில் வேறு ஒருவரின் சட்டை தொங்கும். வாரும் என்று சொன்னாரே என்று யாராவது திரும்பி வந்தால் அவனைப் போல ஒரு மடையன் இல்லை. அது அப்படித்தான். எங்கள் ஊரில் போ என்று சொல்வது மரியாதை இல்லை.

அந்தப் பாடத்தோடுதான் நான் இந்த நாட்டுக்கு, இன்டர்லாக்கன் என்ற மலையூருக்கு வந்து ஹோட்டல் சமையலறையில் சேர்ந்தேன். எண்பதுகளின் பின்பாதி. நாட்டில் சண்டை, அம்மாவும் நீயும் அங்கே, நான் இங்கே அகதி மனுப் போட்டுவிட்டு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். என் எண்ணம் முழுவதும் ஒன்றுதான். வேலை நிலைத்தால் இந்த நாட்டில் காலூன்றலாம், காலூன்றினால் உங்கள் இருவரையும் இங்கே எடுப்பிக்கலாம். ஆகவே சமையலறைப் பொறுப்பாளரான செஃப் ஒரு சட்டி கழுவச் சொன்னால் நான் மூன்று கழுவினேன். குளிர்காலக் கூட்டம் குறைந்து பனி உருகத் தொடங்கிய ஒரு நாள் அவர் என்னைக் கூப்பிட்டார். பெரிய உடம்பு, சிவந்த முகம், அதிகம் பேசமாட்டார். உனக்கு மூன்று கிழமை ஃபேரியன் என்றார். ஃபேரியன் என்றால் லீவு என்று எனக்குத் தெரியும். ஏப்ரனைக் கழற்றிச் சலவைக்குப் போடு என்றார். அறைக்குள் அடைந்து கிடக்காதே, எங்கேயாவது போய் எதையாவது பார் என்றார். எந்தத் திங்கட்கிழமை திரும்பி வர வேண்டும் என்றும் சொன்னார். கடைசியில் கைகொடுத்தார். அதோடு என் வேலை போய்விட்டது என்று நினைத்துவிட்டேன். ஏனென்றால் முந்திய இலையுதிர் காலத்தில் எங்களோடு நின்ற ஒரு போர்த்துக்கீசப் பெடியனுக்கு அவர் இப்படித்தான் கைகொடுத்து அனுப்பினார், அவன் திரும்பி வரவில்லை. அவன் பருவகால வேலைக்கு வந்தவன், பருவம் முடிந்ததும் போனான் என்பது எனக்கு எங்கே தெரியும்? நான் செஃப்பின் முகத்தில் கண்டது எங்கள் முதலாளியைத்தான். என் உடைமை எல்லாவற்றையும் ஒரு பையில் அடைத்துக்கொண்டு, உடுப்புக் கொழுவிடத்தில் வெறுமையாக நின்ற என் கொளுக்கியை ஒருதரம் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். என்ன குற்றம் செய்தேன் என்று கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன்.

பாசல் நகரத்தில் சிவம் அண்ணை இருந்தார். ஊரில் எங்கள் ஒழுங்கையிலேயே குடியிருந்தவர், அங்கே ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார், இன்னும் சிலரோடு ஓர் அறையில் இருந்தார். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவரும் வந்து ஒரு வருடம் ஆகாதவர், லீவு என்ற ஒன்றை இந்த நாட்டில் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் எல்லாம் தெரிந்தவர் போலத் தலையை ஆட்டினார். "உப்பிடித்தான் தம்பி நிப்பாட்டுறவை. வெள்ளைக்காரன் சண்டை பிடியான்" என்றார். அதோடு எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. காலையில் அவர்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். அடுத்தவன் அறையில் பகல் முழுக்கப் படுத்திருக்க வெட்கமாக இருந்தது. நானும் வேலைக்குப் போகிறவன் போல முகம் கழுவி, தலை இழுத்து, ஜாக்கெட் போட்டுக்கொண்டு வெளியே இறங்குவேன். போக ஓரிடமும் இல்லாதவனுக்குப் பூங்காதானே இடம்.

நகரத்துக்குள்ளேயே பெரிய மரங்களும் ஒரு குளமும் உள்ள பூங்கா. முதல் நாள் நான் ஒரு மரத்தின் கீழே இருந்த வாங்குப் பலகையில் போய்க் குந்தினேன். அடுத்த வாங்கில் ஒரு மனிதர், ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் தூரநோக்கிக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு தேர்மோஸ். அவர் என்னைப் பார்த்து எழும்பு, எழும்பு என்று கையைக் காட்டினார். சரி, வாங்கும் எங்களுக்கு இல்லை போல என்று எழும்பினேன். நான் எழும்பி இரண்டு அடி வைக்கவில்லை, நான் இருந்த இடத்தில் வெள்ளையாகச் சொத்தென்று விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். மரத்து உச்சியில் ஒன்றல்ல, இரண்டல்ல, வரிசைக்குக் கூடுகள். ஒவ்வொரு கூட்டிலும் சாம்பல் நிறத்தில் ஒரு நெடிய கொக்கு. நாரை என்று சொல்ல வேண்டும் என்று உன் அம்மா இன்றைக்கும் திருத்துவாள். எனக்கு நெட்டைக் காலும் கூர்ச் சொண்டும் இருந்தால் எல்லாம் கொக்குத்தான். அந்த மனிதர் சிரித்துக்கொண்டு தன் வாங்கில் தள்ளி இருந்து எனக்கு இடம் விட்டார். அவர் பெயர் வால்ட்டர். இந்த ஊர் ஜெர்மன் மொழியில் எனக்குத் தெரிந்தது சமையலறை டொய்ச், அவருடையது பாசல் டொய்ச். இரண்டுக்கும் இடையில் கையும் முகமும் பேசின. ஆனால் இப்போது நினைக்கும்போது அவர் சொன்னதெல்லாம் யாழ்ப்பாணத் தமிழில்தான் என் காதில் கேட்கிறது. அதை நான் திருத்தப்போவதில்லை.

மறுநாளும் போனேன், அவரும் வந்திருந்தார். அதற்கு மறுநாளும் அப்படியே. அவர் டிராம் ஓட்டுகிறவர் என்று அறிந்தேன். அப்படியானால் ஏன் டிராமில் இல்லாமல் இங்கே இருக்கிறீர் என்று கேட்டேன். அவர் மரத்தை நோக்கிக் கையை வீசிச் சிரித்தார். துக்கத்தை மறைக்கச் சிரிக்கிறார் என்று நினைத்தேன். பாவம், இந்த வயதில் இவரையும் நிற்பாட்டிவிட்டார்கள், வீட்டில் மனைவிக்குச் சொல்ல முடியாமல் தேர்மோஸில் கோப்பியோடு வெளிக்கிட்டு வந்து பகலைக் கழிக்கிறார் என்று முடிவு கட்டினேன். என் கதையை நான் அவருக்குத் தைத்துப் போட்டிருக்கிறேன் என்று எனக்கு விளங்கவில்லை. சொன்னால் நீ சிரிப்பாய், அவரைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. இந்த நாட்டுக்காரனுக்கே இந்தக் கதி என்றால் நான் எம்மாத்திரம்?

அந்த நாட்களில் கொக்கைப் பார்த்தேன் என்று சொல்வது சரியில்லை. கண் பார்த்தது, மனம் பார்க்கவில்லை. குளத்தங்கரையில் ஒன்று ஒற்றைக் காலில் நிற்கும். நான் வரும்போதும் நிற்கும், போகும்போதும் நிற்கும். இவனுக்கும் வேலை இல்லை என்று நினைப்பேன். உன் அம்மாவுக்குக் கிழமைக்கு ஒரு கடிதம் போடுகிறவன் நான், அந்த நாட்களில் ஒன்றும் போடவில்லை. என்ன எழுதுவது? வேலை போய்விட்டது, இனி உங்களை எடுப்பிக்க முடியாது என்று எழுதவா? பொய் எழுதவும் கை வரவில்லை. நீ தவழத் தொடங்கிவிட்டாய் என்று அம்மா எழுதியிருந்த கடிதம் என் ஜாக்கெட் பையில் இருந்தது. அதை எடுத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு நாள் சிவம் அண்ணை காலையில் கோதுமைமா ரொட்டி சுட்டார். செத்தல் மிளகாய் போட்டு இடித்த சம்பலும் வைத்தார். நான் என் பங்கோடு இன்னும் ஒன்று கேட்டு வாங்கிக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போனேன். வேலை இழந்த மனிதன், வீட்டில் என்ன நிலையோ, ஒரு நேரமாவது வயிறாறச் சாப்பிடட்டும் என்ற எண்ணம். வால்ட்டர் சந்தோஷமாக வாங்கினார். சம்பல் உறைக்கும் என்று சொல்ல எனக்கு டொய்ச் வரவில்லை. அவர் ஒரு பெரிய கடி கடித்து மென்றார். முகம் சிவந்தது. கண் இரண்டும் கலங்கிக் கன்னத்தால் வழிந்தது. ஐயோ, மனிதருக்கு வேலை நினைவு வந்துவிட்டது என்று நினைத்தேன், பிள்ளை. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆறுதலாக அவர் தோளில் கையை வைத்து, கவலைப்படாதையுங்கோ, உங்களுக்கு வேறு வேலை கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்த சொற்களைக் கோத்துச் சொன்னேன்.

அவர் கோப்பியைக் குடித்து, மூச்சு விட்டு, கண்ணைத் துடைத்தார். "எனக்கு ஏன் வேறை வேலை?" என்று கேட்டார். உங்களைத்தான் நிற்பாட்டிவிட்டார்களே என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, தான் ஃபேரியனில் நிற்பதாகச் சொன்னார். ஒவ்வொரு வருடமும் கொக்குகள் கூடு கட்டுகிற இந்தக் கிழமைகளில் ஃபேரியன் எடுத்து, வேறு ஓரிடமும் போகாமல் இங்கே வந்து இருப்பாராம். மனைவி மலைக்குப் போவோம் என்பாளாம், இவர் கொக்கு என்பாராம். லீவு எடுத்தால் சம்பளம் என்று கேட்டேன். அது வரும்தானே என்றார். இடம் என்று கேட்டேன். எந்த இடம் என்று கேட்டார். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. அப்போதுதான் நான் என் கதையைச் சொன்னேன், கை, கால், முகம் எல்லாவற்றாலும். செஃப் கூப்பிட்டது, ஏப்ரன், கைகொடுத்தது எல்லாம். வால்ட்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றை மட்டும் கேட்டார்.

"எப்ப வரச் சொன்னவர்?"

"வாற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை."

"பிறகென்ன? அண்டைக்குப் போம்."

அது சும்மா மரியாதைக்குச் சொல்வது, எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்லி அனுப்புவார்கள் என்று விளக்கப் பார்த்தேன். எங்கள் முதலாளியைப் பற்றியும் ஆணியைப் பற்றியும் அவருக்குச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் தலையைச் சொறிந்தார். வராதே என்பதற்கு ஒருவன் ஏன் வா என்று சொல்ல வேண்டும் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

"இஞ்சை திங்கட்கிழமை எண்டால் திங்கட்கிழமைதான்" என்றார். சொல்லிவிட்டு, மீதி ரொட்டியைச் சம்பலைத் தட்டிவிட்டுச் சாப்பிட்டார்.

நம்பினேனா என்று கேட்டால், பாதி நம்பினேன். ஆனால் அந்தப் பாதியே எனக்குப் போதுமாக இருந்தது. நெஞ்சில் ஏறி இருந்த ஒன்று இறங்கிப் பக்கத்தில் இருந்தது போல இருந்தது. வால்ட்டர் தூரநோக்கியைக் கழற்றி என் கையில் தந்தார். அன்றைக்குத்தான் நான் முதல் முறையாகக் கொக்கைப் பார்த்தேன். கண் மஞ்சள். தலையின் பின்னால் கறுப்பாக ஒரு குடுமி, காற்றுக்கு ஆடுகிறது. ஒன்று கூட்டில் இருக்கிறது, மற்றது எங்கேயோ போய் ஒரு சுள்ளியோடு கழுத்தை மடக்கிக்கொண்டு பறந்து வருகிறது. சுள்ளியை நீட்டுகிறது. கூட்டில் இருப்பது உடனே வாங்காது. கொஞ்சம் யோசிக்கும், உன் அம்மா நான் வாங்கி வரும் மீனைப் பார்ப்பது போலப் பார்க்கும், பிறகு வாங்கிச் செருகும். அடுத்த கூட்டுக்காரன் அந்தப் பக்கம் பார்க்கும் நேரம் பார்த்து அவன் கூட்டிலிருந்து ஒரு சுள்ளியை உருவிக்கொண்டு வருகிற கள்ளனும் இருந்தான். அதைக் கண்டு நாங்கள் இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். ஒற்றைக் காலில் நின்றவனையும் பார்த்தேன். வேலை இல்லாதவன் என்று நான் நினைத்தவன், கண் மூடி முழிக்கும் நேரத்தில் கழுத்தை எறிந்து ஒரு மீனை எடுத்தான். எடுத்துவிட்டுப் பழையபடி நின்றான். அவனைப் பார்த்து, நிற்காதே, ஓடு, உன் இடம் போய்விடும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அன்று பின்னேரமே தபால்கந்தோரில் ஏரோகிராம் என்ற விமானக் கடிதத்தாள் வாங்கி, அதே வாங்கில் இருந்து அம்மாவுக்கு எழுதினேன். வேலை போனது என்று நினைத்ததையோ போகவில்லை என்று அறிந்ததையோ எழுதவில்லை. கொக்குகளைப் பற்றித்தான் எழுதினேன். கூடு, சுள்ளி, கள்ளன், குடுமி என்று நான்கு மூலையும் நெருக்கி எழுதி, இடமில்லாமல் மடிக்கிற ஓரத்தில் உனக்கு ஒரு கொஞ்சல் வைத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை வந்தது. பாதி நம்பிக்கையோடுதான் போனேன். ஆட்கள் வருவதற்கு முன்பே போய்ச் சமையலறையின் பின்கதவைத் திறந்து, விளக்கைக் கூடப் போடாமல் நேரே கொழுவிடத்தைப் பார்த்தேன். என் கொளுக்கியில் என் ஏப்ரன் தொங்கியது. சலவை செய்து, ஸ்திரிக்கை போட்டு, நாடாவை மடித்துக் கட்டி. பக்கத்தில் ஹோட்டல் எனக்குத் தந்த வெள்ளைச் செருப்பு நான் விட்ட இடத்தில் அப்படியே இருந்தது. நான் உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் குந்தியிருந்து அழுதேன். வெட்கமாக இருக்கவில்லை, அவ்வளவு நிம்மதியாக இருந்தது. செஃப் வந்து விளக்கைப் போட்டவர் என்னைக் கண்டு திடுக்கிட்டு, லீவில் எங்கே போனாய், என்ன பார்த்தாய் என்று கேட்டார். பாசலுக்குப் போனேன், கொக்குப் பார்த்தேன் என்றேன். உலகமே மலை பார்க்க இன்டர்லாக்கனுக்கு வருகிறது, இவன் இங்கிருந்து கொக்குப் பார்க்கப் பாசலுக்குப் போகிறான் என்று எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு இந்தா என்று ஒரு மூட்டை கிழங்கைக் காட்டினார். அதைப் போல ஆசையாக நான் கிழங்கு உரித்தது இல்லை.

அந்த ஏரோகிராம் போய்ச் சேர்ந்த கதையை அம்மா தன் வாயால் சொல்லிக் கேட்க வேண்டும். கிழமைக் கணக்காகக் கடிதம் இல்லாமல், எனக்கு என்ன நடந்ததோ என்று சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். பிரித்தால் முழுக்கக் கொக்கு. முதலில் மனிதனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பயந்தாளாம். இரண்டாம் தரம் உன்னை மடியில் வைத்துக்கொண்டு உரத்து வாசித்தாளாம். வாசித்து முடித்ததும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததாம். "கொக்கைப் பற்றி எழுதுற மனுசன் சாப்பிட்டுக் குடிச்சு நல்லாத்தான் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டாளாம். வேலை போனதாக நான் நினைத்துத் தவித்த கதையை நீங்கள் இருவரும் இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் அவளுக்குச் சொன்னேன். அதனால்தான் நேற்று நீ அந்த வசனத்தைச் சொன்னபோது அவள் உன்னை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

நீ வேலை செய்கிற கந்தோரைப் பற்றி எனக்குத் தெரியாது, மகள். உன் மேலதிகாரி எங்கள் புடவைக்கடை முதலாளி போன்றவரோ, இன்டர்லாக்கன் செஃப் போன்றவரோ, நான் எப்படிச் சொல்ல முடியும்? காலமும் மாறிவிட்டது. உன் இடத்துக்கு ஒன்றும் வராது என்று சத்தியம் செய்ய நான் வரவில்லை. ஆனால் கேட்காமலே முடிவு கட்டாதே. நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் முதல் நாளே சிரித்துவிட்டுக் கொக்குப் பார்க்கப் போயிருப்பேன். லீவைக் கேள். தந்தால் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போ. கடல் வேண்டும், தீவு வேண்டும் என்றில்லை. ஒரு குளமும் ஒரு வாங்கும் போதும். இருவரும் கதைக்க ஒன்றும் இல்லாமல் சும்மா இருக்கிற ஒரு மத்தியானம் வரும். அதற்குப் பயப்படாதீர்கள், கல்யாணத்தில் அப்படி நிறைய மத்தியானங்கள் உண்டு. வால்ட்டரும் நானும் பாதி நாள் ஒரு சொல்லும் பேசவில்லை. அவரை நான் பிறகு காணவும் இல்லை. ஆனாலும் என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல லீவு அதுதான், அதுவும் பாதிக்குப் பிறகுதான் லீவு.

இன்னும் ஒன்று. நேற்று முன்தினம் அம்மா வாசல் பக்கத்தை ஒழுங்குபடுத்தினாள். கல்யாணத்துக்கு ஆட்கள் வரும்போது அழகாக இருக்க வேண்டுமாம். உன் ஜாக்கெட் கொழுவுகிற கொளுக்கி வருகிற மாதத்தோடு சும்மாதானே இருக்கப் போகிறது என்று என் குடையை எடுத்து அதில் கொழுவினாள். அவள் குசினிக்குள் போனதும் குடையை எடுத்துக் கதவு மூலையில் சாத்திவிட்டேன். நீ எந்தக் கிழமையில் வந்தாலும் அந்தக் கொளுக்கி வெறுமையாகத்தான் இருக்கும். அதற்கு மட்டும் அப்பா பொறுப்பு.

உன் அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது. ஒரு நிமிடம் முடிந்துவிட்டது போல.

அப்பா